அறுந்த தடமும் அவசரத் தீர்ப்பும்

கீழே விழுந்தோ நீரில் நனைந்தோ செயலிழந்த கையடக்கத் தொலைபேசியைத் திருத்தக் கொண்டுசெல்லும் பலருக்குக் கிடைக்கும் பதில், "போர்ட் பழுதாகிவிட்டது, புதியதொன்றை வாங்குங்கள்" என்பதாகும். பழுதடைந்திருப்பது பலகை முழுவதுமா, அன்றி அதிலுள்ள ஒரு செப்புத் தடம் மாத்திரமா என்பதை ஆராயாது வழங்கப்படும் தீர்ப்பாகவே அது பல வேளைகளில் அமைந்துவிடுகின்றது.

மின்சுற்றுப் பலகையில் சில்லுகளை ஒன்றோடொன்று இணைப்பவை மெல்லிய செப்புத் தடங்களே. நவீன தொலைபேசிகளில் இவை பல படைகளாக அமைந்துள்ளன. பல தடங்கள் தலைமுடியின் பருமனையொத்தவை. பலகை வளையும்போது அவை அறுந்துபோகலாம். ஈரம் புகுந்த நிலையில் மின்னோட்டம் தொடர்ந்தால் செம்பு அரிக்கப்படும். எனவேதான், நனைந்த தொலைபேசியை உடனடியாக நிறுத்திவிட வேண்டும். அதற்கு மின்னேற்றவும் கூடாது.

2016 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் 7 இதற்கு நல்ல உதாரணமாகும். பலகை வளைந்தமையால் ஒலிச் சில்லின் அடியிலிருந்த இணைப்பொன்று அறுந்து, ஒலிபெருக்கியும் குரற்பதிவும் இயங்காது போயின. சுயாதீனத் திருத்துநர்கள் அச்சில்லைக் கழற்றி, அறுந்த இடத்தில் மெல்லிய கம்பியொன்றைப் பொருத்தி, சில்லை மீண்டும் இணைத்து அவற்றை இயங்கச் செய்தனர்.

செய்முறை விளங்குவதற்கு எளிது. செய்வதற்குப் பொறுமை தேவை. முதலில் மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, தடத்தின் இரு முனைகளுக்கிடையே தொடர்ச்சி உள்ளதா எனப் பல்மானியினால் சோதிப்பர். அரிப்பை அற்ககோலினால் துடைத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் காப்புப் பூச்சைச் சுரண்டிச் செம்பை வெளிப்படுத்துவர். பின்னர் எனாமல் பூசிய நுண்ணிய செப்புக் கம்பியை இரு முனைகளிலும் பற்றாசு பிடித்து, புறஊதாக் கதிரில் இறுகும் பூச்சினால் மூடுவர். உட்படைகளில் அறுந்த தடங்களையும் அதிவேகத் தரவுகளைக் காவும் தடங்களையும் இவ்வாறு சீர்செய்வது கடினம், சிலவேளை இயலாததும்கூட.

இது பணச் சிக்கனம் மாத்திரம் சார்ந்த விடயமன்று. இன்றைய பல தொலைபேசிகளில், சேமித்த தரவுகளைத் திறக்கும் மறைகுறித் திறவுகோல் செயலியுடன் பிணைக்கப்பட்டுள்ளது. ஆகவே நினைவகச் சில்லை மட்டும் வேறொரு பலகைக்கு மாற்றிப் படிக்க முடியாது. காலஞ்சென்ற தாயின் குரலோ பிள்ளையின் முதற் படமோ பிரதியெடுக்கப்படாது அதிலிருப்பின், அதே பலகையை மீண்டும் இயங்கச் செய்வதே பெரும்பாலும் எஞ்சியுள்ள வழியாகும்.

எத்தடம் எங்கே செல்கின்றது என்பதைக் காட்டும் வரைபடங்களை உற்பத்தியாளர்கள் பொதுவாக வெளியிடுவதில்லை. எனினும், 2025 ஜூன் 20 முதல் தனது சந்தைக்கு வரும் புதிய தொலைபேசிகளுக்கான திருத்தத் தகவல்களையும் முக்கிய உதிரிப் பாகங்களையும் தொழின்முறைத் திருத்துநர்களுக்கு வழங்குவதை ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியுள்ளது. தொலைபேசிகளுக்கு இறக்குமதியையே நம்பியிருக்கும் எமது நாட்டுக்கும் இத்தகைய சட்டமும், பலகைத் திருத்தத்தைக் கற்பிக்கும் தொழிற்பயிற்சியும் அவசியமாகும். அதுவரை, "போர்ட் பழுது" என்ற பதிலைக் கேட்கும் பாவனையாளர், எந்த இடத்தில் பழுது என்று ஒருமுறை திருப்பிக் கேட்பது நன்று.