பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: வாங்குமுன் குழலின் அடியைப் பாருங்கள்

நெகிரி செம்பிலானில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வளர்ந்தபோது, காட்டுப்பன்றித் தொல்லையும் கூடவே வளர்ந்தது. நட்டு சில மாதமே ஆன கன்றின் குருத்தை ஒரே இரவில் தின்றுவிட்டுப் போய்விடும். சொந்தமாகச் சில ஏக்கர் வைத்திருப்பவருக்குத் துப்பாக்கி நினைப்பு வருவது அப்போதுதான். கடைக்குப் போனால் புதியவற்றின் பக்கத்தில், அந்தக் காலத்துத் துரைமார் தோளில் போட்டிருந்தது போன்ற பழைய இங்கிலாந்துத் துப்பாக்கி ஒன்று கண்ணில் படும். பூ வேலைப்பாடும் பளபளக்கும் வால்நட் கட்டையும் ஆளை இழுக்கும்.

அதற்கு முன் லைசென்ஸ். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவர் தரும் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ யார் கையிலும் இருக்கக் கூடாது. எடுத்துச் சென்று சுட ஒரு வகை அனுமதி. சுடாமல் வைத்திருக்க மட்டும் வேறு வகை. "பழசுதானே, சுவரில் அலங்காரமாக மாட்டி வைக்கிறேன்" என்ற பேச்சு இங்கே எடுபடாது. பன்றியைச் சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் லைசென்ஸும் தனியாக வேண்டும். லைசென்ஸ் பெற்ற கடையை விட்டு, "தெரிந்தவர் மலிவாகத் தருகிறார்" என்று போவது சிறைக்குப் போகும் வழி.

சரி, கடையில் துப்பாக்கியைக் கையில் வாங்கியாயிற்று. முதல் வேலை, குழலை மடித்துத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. இப்படிக் குழல் மடியும் வகையைத்தான் மலாயில் செனாப்பாங் பாத்தா என்கிறார்கள். பிறகு குழலைக் கழற்றித் தரச் சொல்லி அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வேலைப்பாடு எல்லாம் மேலே. துப்பாக்கியின் ஜாதகம் கீழே.

அங்கே சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். சாதாரணத் தோட்டாவை விடக் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கிய குழலுக்கு மட்டும் குத்தப்படும் முத்திரை இது. பெர்மிங்காம் சோதனைச் சாலை 1813 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறது. கிரீடமும் அதன் கீழ் ‘என்பி’ அல்லது ‘பிஎன்பி’ எழுத்தும் இருந்தால், இன்றைய புகையில்லா மருந்துக்குச் சோதித்த குழல். அது இல்லாமல் வெறும் பழைய முத்திரை என்றால் கரிமருந்துக் காலத்துச் சரக்கு. இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. முட்டைவட்டத்துக்குள் ‘ஈஎல்ஜி’ என்று இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சோதித்தது.

இந்த இடத்தில் பலர் ஏமாறுவது உண்டு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்பது பெர்மிங்காமின் பெரிய பெயர். அந்தப் புகழை நம்பி பெல்ஜியத்தில் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று பெயர் வெட்டிய மலிவுத் துப்பாக்கிகள் உலகம் முழுக்கப் போயின. மேலே உள்ள பெயர் ஆங்கிலேயப் பெயராக இருந்து அடியில் லியேஜ் முத்திரை இருந்தால், விலை பேசும் முன் யோசிக்க வேண்டும்.

அடுத்து தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் இது இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீட்டர். வேடிக்கை என்னவென்றால் அது பழைய அறைக்குள் தடையில்லாமல் நுழைந்துவிடும். ஏனென்றால் பெட்டியில் எழுதிய அளவு, வாய் மடிந்திருக்கும் தோட்டாவின் அளவல்ல. சுட்டபின் வாய் விரிந்த கூட்டின் அளவு. விரிய இடமில்லாமல் போனால் அழுத்தம் ஏறும். 1925-க்குப் பிந்திய இங்கிலாந்துக் குழல்களில் அறையின் நீளம் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படித்துப் பார்த்து, அதற்கேற்ற தோட்டா இங்கே கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

பிறகு கண்ணும் காதும். வெளிச்சத்தை நோக்கிக் குழலைப் பிடித்து உள்ளே பார்த்தால் வட்ட வட்டமாக நிழல் தெரியும். வட்டம் எங்காவது நெளிந்தால் அங்கே நசுங்கல். பழைய தோட்டாக்களின் மருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் சுத்தம் செய்யாமல் வைத்த குழல் உள்ளே அம்மைத் தழும்பு போல அரித்திருக்கும். குழலின் கொக்கியில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். ‘டொக்’ என்றால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டை விட்டுப்போயிருக்கும். பூட்டிய துப்பாக்கியை லேசாக ஆட்டினால் கீலில் ஆட்டம் கூடாது. பாம்புத் தோல் போல வரி ஓடும் டமாஸ்கஸ் குழல் பார்க்க அழகுதான். இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்தது, பெரும்பாலும் கரிமருந்துக்கானது.

அபூர்வம் என்பதற்காக வாங்குவதிலும் சிக்கல் உண்டு. கிரீனர் கம்பெனி எகிப்து கிராமக் காவலர்களுக்காகச் செய்த ஒற்றைக்குழல் போலீஸ் துப்பாக்கி ஒரு நல்ல உதாரணம். திருடு போனாலும் சாதாரண 12 நம்பர் தோட்டா அதில் வேலை செய்யாதபடி, தனித் தோட்டாவுக்கென்றே அமைத்தார்கள். சேகரிப்பவருக்கு அது புதையல். பன்றி விரட்ட வந்தவருக்கு வெறும் இரும்புக் குழாய்.

12, 16, 20 என்ற எண்களில் எண் கூடினால் குழல் ஒடுங்கும். 12 நம்பரில் தவறிப்போய் 20 நம்பர் தோட்டாவைப் போட்டால் அது நழுவிக் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 நம்பரைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்து இடது கை போகும். 20 நம்பர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வந்ததே இதனால்தான்.

தந்தையோ தாத்தாவோ வைத்திருந்த துப்பாக்கி வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. உரியவர் இறந்ததும் போலீஸ் நிலையத்தில் தெரிவித்து ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் சொந்தப் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். அலமாரியில் பூட்டிவைத்து மறந்தால், ஆயுதச் சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். அவசரகாலத்தில் தண்டனை இதைவிடக் கொடியது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டது, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில்தான். பழைய லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் அதையும் துப்பாக்கியோடு சேர்த்தே போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போகலாம். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகுமுன் நிலையத்துக்குப் போன் செய்து, போலீஸார் வந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பது நல்லது.