மிதக்கும் கடைவீதி, சீரகச் சீஸ், சோழர் செப்பேடு: லெய்டன் தெரியுமா?

ஒரு கிறிஸ்துமஸ் சந்தை முழுக்க முழுக்கத் தண்ணீர் மேல் மிதக்கிறது என்றால் நம்புவீர்களா? நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் டிசம்பரில் இதுதான் நடக்கிறது. ஊர் நடுவே ஓடும் நியூவ ரைன் கால்வாயில் மிதவைகளைப் பரப்பி, அவற்றின் மேல் சின்னச் சின்ன மரக்கடைகளை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். பனிச்சறுக்குக் களத்தையே தண்ணீர் மேல் மிதக்கவிட்ட ஆண்டுகளும் உண்டு! பக்கத்திலேயே கோர்ன்புருக் என்ற பாலம். பாலத்துக்குக் கூரை எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் அதுதான் ஊரின் தானியச் சந்தை. மழையில் தானியம் நனையாமல் இருக்க, 1825-ல் தூண் நிறுத்திக் கூரை போட்டார்கள். தானிய வியாபாரம் போய்விட்டது, கூரை நிற்கிறது. சூடான ஒயின் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மழைக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

நெதர்லாந்து என்றாலே எல்லோரும் ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடுகிறார்கள். எனக்கும் என் கணவருக்கும் பிடித்த ஊர் லெய்டன்தான். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. டிசம்பர் கடைசியில் காலை எட்டே முக்கால் வரை விடியாது, மாலை நாலரைக்கு இருட்டிவிடும். வார இறுதிக்குக் கிடைப்பது இரண்டு குட்டிப் பகல்கள். அந்தப் பகல்களுக்குள் நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊரில் இத்தனை ஆச்சரியங்கள் எப்படி அடங்கின என்பதுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை!

முதலில் வயிற்றைக் கவனிப்போம். லெய்டன் சீஸில் என்ன போடுகிறார்கள் தெரியுமா? சீரகம்! ரசத்துக்குத் தாளிக்கிற அதே சீரகம். வட்ட வட்டமான சீஸை வெட்டினால் மஞ்சள் நிறத்துக்குள் சீரகம் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்த வட்டாரப் பண்ணைகளில் செய்யும் அசல் லெய்டன் சீஸின் மேல் குறுக்காக வைத்த இரண்டு சாவிகள் முத்திரையாகப் பதிந்திருக்கும். அது ஊரின் சின்னம். சொர்க்கத்தின் சாவி புனித பேதுருவிடம் இருக்கிறது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அவர்தான் இந்த ஊருக்குக் காவல்.

அடுத்து ஸ்பெகுலாஸ் பிஸ்கட். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஏலம், இஞ்சி எல்லாம் சேர்த்துப் பிசைந்த மாவை, உருவம் செதுக்கிய மர அச்சில் அழுத்தித் தட்டி எடுப்பார்கள். இந்த வாசனை நெதர்லாந்துக்குப் போனது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில். 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரமும் அதன் கருவாப் பட்டையும் அந்தக் கம்பெனியின் கையில்தான் இருந்தன. கடையைத் தாண்டும்போது மூக்கில் ஏறுகிற மணம் நமக்கு ஏன் இத்தனை பழகியதாக இருக்கிறது என்பது இப்போது விளங்கும்!

ஓலிபோலன் என்ற உருண்டையையும் விட்டுவிடாதீர்கள். புளிக்கவைத்த மாவில் உலர்திராட்சை சேர்த்து, எண்ணெயில் பொரித்து, மேலே பொடித்த சர்க்கரையைக் கொட்டித் தருவார்கள். டிசம்பர் 31 அன்று இது இல்லாத டச்சு வீடு அபூர்வம். காகிதப் பையில் சூடாக வாங்கி நின்றபடியே சாப்பிட வேண்டும். கறுப்புக் கோட்டு போட்டிருந்தால் சர்க்கரைத் தூள் காட்டிக்கொடுத்துவிடும்.

நெதர்லாந்துக் குழந்தைகளுக்கு டிசம்பரின் பெரிய நாள் கிறிஸ்துமஸ் அல்ல, தெரியுமா? டிசம்பர் 5 மாலைதான்! அன்று பரிசுகளோடு வருகிறவர் சின்டர்கிளாஸ். வெள்ளைக் குதிரையில் கூரை மேலேயே போவாராம். குழந்தைகள் கணப்படுப்பு ஓரம் காலணியை வைத்து, குதிரைக்காக அதில் ஒரு கேரட்டையும் போட்டு வைப்பார்கள். பெரியவர்களுக்கும் பங்கு உண்டு. அவரவர் பெயரின் முதல் எழுத்தை சாக்லேட்டில் வார்த்து விற்பார்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் வாங்கிக் கொடுக்க இதைவிட இனிப்பான பரிசு உண்டா?

இந்தப் பண்டிகையைத் தீட்டிய மிகப் புகழ்பெற்ற ஓவியத்தை வரைந்தவரும் லெய்டன்காரர்! யான் ஸ்டேன், 1626-ல் இங்கே பிறந்தவர், இங்கேயே பீட்டர் தேவாலயத்தில் அடக்கமானவர். 1660-களில் தீட்டிய அந்தப் படம் இப்போது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. அதன் முன்னால் நின்று நிதானமாகப் பாருங்கள். நடுவில் ஒரு சின்னப் பெண் வாளி நிறைய தின்பண்டங்களோடு பொம்மையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அம்மா கை நீட்டினாலும் தரமாட்டாள். இடது பக்கம் அண்ணன்காரன் கண்ணைக் கசக்கி அழுகிறான். ஏன்? அவனுடைய காலணியில் பரிசு இல்லை, பிரம்புக் கட்டுதான் இருக்கிறது! தம்பி அவனைக் காட்டிச் சிரிக்கிறான். ஆனால் பின்னால், அரை இருட்டில், பாட்டி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு விரலால் சைகை செய்கிறாள். அவனுக்கும் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறாள்! அந்த விரலைக் கவனிக்காமல் படத்தைக் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருக்கும்.

விளக்கும் விருந்துமாக ஜொலிக்கிற இதே ஊரில், கிறிஸ்துமஸே கூடாது என்று சொன்னவர்களும் வாழ்ந்தார்கள். இங்கிலாந்தில் மதக் கெடுபிடி தாங்காமல் வெளியேறிய பில்கிரிம்கள் 1609 முதல் 1620 வரை லெய்டனில் பீட்டர் தேவாலயத்தைச் சுற்றித்தான் இருந்தார்கள். டிசம்பர் 25-ஐக் கொண்டாடச் சொல்லி பைபிளில் எங்கும் இல்லையே என்பது அவர்கள் கட்சி. பிறகு மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போனார்கள். அங்கே 1620 டிசம்பர் 25 அன்று என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் பொதுக் கட்டடத்தை எழுப்பத் தொடங்கினார்கள்! மறுவருடம், லெய்டனில் துணி நெய்து பிழைத்திருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு அங்கே ஆளுநர். புதிதாக வந்த சிலர், கிறிஸ்துமஸ் அன்று வேலை செய்ய மனசாட்சி இடம் தரவில்லை என்றார்கள். சரி என்று விட்டார். மதியம் திரும்பி வந்தால் அவர்கள் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். விளையாட்டுச் சாமான்களைப் பறித்துக்கொண்டுவிட்டார்!

குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு ஸ்டேன்ஸ்கூர் கால்வாய் ஓரம் நடக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. உலகத்திலேயே மிகக் குளிரான இடம் ஒரு காலத்தில் இதுதான்! அந்தக் கதைக்கு முன்னால் ஒரு சோகம் இருக்கிறது. 1807 ஜனவரி 12, மாலை நேரம். வெடிமருந்து ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து நின்ற படகு இந்தக் கால்வாயில் வெடித்துச் சிதறியது. சுமார் 150 உயிர்கள் போயின, நூற்றுக்கணக்கான வீடுகள் தரைமட்டமாயின. நெப்போலியனின் தம்பி லூயி அப்போது ஹாலந்தின் அரசர். செய்தி கேட்டு நேரே வந்து நின்றார். இன்று அழகான பூங்காவாகத் தெரிகிற வெட்டவெளி அந்த வெடிப்பு உண்டாக்கிய வெறுமை. இடிபாடு இருந்த இன்னொரு பகுதியில்தான் பின்னர் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் கூடம் எழுந்தது.

அங்கே பேராசிரியராக வந்தார் ஹைக்கே காமர்லிங் ஓன்னெஸ். வாயுக்களை அழுத்திக் குளிர்வித்துத் திரவமாக்குவதே அவர் வாழ்நாள் வேலை. 1895-ல் ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது. அழுத்திய வாயுவா? அதுவும் அந்த இடத்திலா? 1807-ஐ ஊர் மறக்கவில்லை. பிரச்சினை பெரிதாகி, அவருடைய குளிர்ப் பரிசோதனைகள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நின்றுபோயின! அவர்கள் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். பாட்டன் பாட்டியிடம் கேட்ட கதை அது. 1898-ல்தான் அனுமதி திரும்பக் கிடைத்தது.

பிறகு 1908 ஜூலை 10. வெளியே கோடைக்காலம், உள்ளே ஹீலியத்தோடு மல்லுக்கட்டு. அதுவரை உலகத்தில் யாராலும் ஹீலியத்தைத் திரவமாக்க முடியவில்லை. விடிகாலையில் தொடங்கிய வேலை. சாப்பிடக்கூட அவர் நகரவில்லை. மதியம் அவர் மனைவி ரொட்டியோடு வந்தார். கணவரின் கை கருவிகளை விட்டு நகராது என்று கண்டு, ரொட்டியைத் துண்டு துண்டாக்கி வாயில் ஊட்டிவிட்டார்! மாலையில் ஹீலியம் பணிந்தது: மைனஸ் 269 டிகிரி. விஞ்ஞான வரலாற்றில் நான் படித்த காதல் காட்சிகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1911-ல் அதே கூடத்தில் இன்னொரு அதிசயம். அந்தக் குளிரில் பாதரசம் மின்சாரத்துக்குத் துளித் தடையும் காட்டவில்லை. அதுதான் மீக்கடத்தல். இன்று ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறோமே, அந்த இயந்திரத்தின் காந்தம் பெரும்பாலும் மீக்கடத்தியால் ஆனது. திரவ ஹீலியத்தால் குளிர்விப்பது! 1913-ல் அவருக்கு நோபல் பரிசு. அந்தக் கட்டடத்தில் இப்போது சட்டம் படிக்கிறார்கள்.

மழை பிடித்துக்கொண்டால் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு ஓடுங்கள். எகிப்திலிருந்து வந்த ஒரு முழுக் கோயில் முன்கூடத்திலேயே நிற்கிறது! அஸ்வான் அணை நீரில் மூழ்கவிருந்த டாஃபே கோயில் அது. காப்பாற்ற உதவிய நன்றிக்கு எகிப்து கொடுத்தது. மழை விட்டதும் தெருச் சுவர்களைப் பாருங்கள். 1992 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகளை அவரவர் மொழியில், அவரவர் எழுத்தில் சுவரெங்கும் தீட்டியிருக்கிறார்கள். முதல் கவிதை ரஷ்யக் கவி மரீனா ஸ்வெத்தாயெவாவுடையது. ஒரு சுவரில் ஐன்ஸ்டைனின் சமன்பாடே இருக்கிறது!

தமிழர்களுக்கு இந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது வேறொன்று: லெய்டன் செப்பேடு! 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் தெரியும். ஸ்ரீவிஜய மன்னர் கட்டிய அந்த பௌத்த விகாரத்துக்குச் சைவரான ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தார். அதைச் செப்பேட்டில் வெட்டுவித்தவர் மகன் ராஜேந்திரன். மொத்தம் 21 ஏடுகள். ஐந்தில் சமஸ்கிருதம், பதினாறில் தமிழ். எல்லாவற்றையும் கோத்த பெரிய வளையத்தின் முத்திரையில் புலி, இரட்டை மீன், வில். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்களிடம் இருந்தது. செப்பேடு கடல் கடந்தது. 1862-ல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடையாக வந்து, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே இருந்தது. ஆயிரம் ஆண்டுப் பழமையான தமிழ், ரைன் நதிக்கரையில்!

இந்தியாவோடு இன்னொரு முடிச்சும் உண்டு. லெய்டனில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பால் ஏரன்ஃபெஸ்ட்டின் வீடு இன்றும் நிற்கிறது. அதை வடிவமைத்தவர் அவர் மனைவி டாட்டியானா. அவரே ஒரு கணிதமேதை. வந்த விருந்தாளிகள் சுவரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஐன்ஸ்டைன் அடிக்கடி வந்து தங்கியது இங்கேதான். 1925 டிசம்பரில் ஐன்ஸ்டைனும் நீல்ஸ் போரும் லெய்டனுக்கு வந்தபோது, நாற்காலியில் சாய்ந்து யோசிக்கிற இருவரையும் ஏரன்ஃபெஸ்ட் படம் பிடித்தார். ஐன்ஸ்டைன் அப்போது வந்தது, இன்னொரு லெய்டன் மேதையான லோரென்ட்ஸ் டாக்டர் பட்டம் பெற்ற ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு.

அதற்கு முந்தைய டிசம்பரில், 1924-ல், கல்கத்தாவின் மைந்தர் சத்யேந்திரநாத் போஸின் கணக்கைப் பிடித்துக்கொண்டு மேலே போய் ஐன்ஸ்டைன் ஒரு கட்டுரை எழுதினார். மிகக் குளிர்ந்த வாயுவில் அணுக்கள் ஒரே நிலையில் ஒன்றாக அடங்கிவிடும் என்று கணித்த கட்டுரை. அச்சானது எல்லோருக்கும் தெரியும். கையெழுத்துப் பிரதி எங்கே என்று யாருக்கும் தெரியாது. 2005-ல் ஒரு மாணவர் ஆய்வேட்டுக்காக லெய்டனில் பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பதினாறு பக்கங்கள், ஐன்ஸ்டைனின் சொந்தக் கையெழுத்தில், எண்பது ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கின்றன!