இணையவழிக் கல்லூரிக் கல்விக்கு வேண்டிய கருவிகள்

நடுவண் அரசுப் பணியாளர்களின் பிள்ளைகள் பலர் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பதற்குள் மூன்று நான்கு ஊர்களைக் கண்டுவிடுகின்றனர். பள்ளிப் பருவத்தில் இது பெரிய இடர் அன்று. ஓர் ஊரின் மத்தியப் பள்ளியில் விட்ட பாடத்தை மற்றோர் ஊரின் மத்தியப் பள்ளியில் தொடரலாம். கல்லூரிக்கு அந்த வசதி இல்லை. பெற்றோருக்குப் பணிமாற்றம் வந்தால், பிள்ளை விடுதியில் தங்க நேரிடும். அல்லது இடையிலேயே கல்லூரியை மாற்ற நேரிடும். இத்தகைய குடும்பங்களுக்கும், வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கும், கல்லூரி தொலைவில் உள்ள சிற்றூர் மாணவர்களுக்கும் இணையவழிக் கல்வி ஒரு வாயிலைத் திறந்துள்ளது. அவ்வாயிலைக் கடக்க எத்தகைய கணினி வேண்டும், எத்தகைய மென்பொருள் வேண்டும், எதற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

வளர்ந்த வரலாறு

தொலைநிலைக் கல்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1985ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அச்சிட்ட பாடநூல்களை அஞ்சலில் அனுப்பிக் கற்பித்தது. 2003ஆம் ஆண்டில் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்து என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கித் தம் பேராசிரியர்களின் வகுப்புகளைக் காணொலிகளாக்கின. 2017 ஜூலை 9 அன்று ‘ஸ்வயம்’ என்னும் தேசிய இணையத்தளம் தொடங்கி வைக்கப்பட்டது. 2020இல் சென்னை ஐ.ஐ.டி. இணையவழிப் பட்டப்படிப்பையே அறிமுகம் செய்தது. 2021ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் பயின்று, அதனைத் தம் கல்லூரிப் பட்டக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். எனவே, வழக்கமான கல்லூரியில் சேரும் மாணவரும் இணையவழிப் பாடத்தைச் சந்திக்கும் காலம் இது.

வேலையை அறிந்து கருவியைத் தேர்தல்

ஸ்வயம் பாடம் ஒவ்வொன்றும் நான்கு பகுதிகளால் ஆனது: காணொலி, படிப்பதற்குரிய பாடப்பொருள், தன்மதிப்பீட்டுத் தேர்வுகள், ஐயங்களைக் கேட்டுத் தெளியும் கலந்துரையாடல். இந்நான்கும் நம் கருவியிடம் வெவ்வேறு திறன்களை வேண்டுகின்றன. காணொலிக்குத் தேவை நல்ல இணைப்பு. பாடப்பொருளைப் படிக்கத் தேவை அகன்ற திரை. கட்டுரை எழுதவும் ஐயம் வினவவும் தேவை விசைப்பலகை.

திறன்பேசி மட்டும் போதாதா என்று பலர் கேட்பர். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது ஒரே திறன்பேசியை இரு பிள்ளைகள் மாறி மாறிப் பயன்படுத்திய வீடுகள் பல. காணொலி காண்பதற்குத் திறன்பேசி போதும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இருபது பக்க ஆய்வுக் கட்டுரையைக் கையகலத் திரையில் படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை நகர்த்த வேண்டியிருக்கிறது. நிரல் எழுதுதல், அட்டவணைக் கணக்கு, வரைபடம் ஆகியவற்றைத் திறன்பேசியில் செய்வது ஊசியால் கிணறு வெட்டுவது போன்றது. பள்ளிப் பாடத்துக்குத் திறன்பேசியால் ஒருவாறு ஈடுகொடுக்கலாம். கல்லூரிப் பாடத்துக்குக் கணினி வேண்டும் என்பதே தெளிவான விடை.

வன்பொருள்

கணினிக் கடையில் நாம் கேட்கும் சொற்கள் நம்மைக் குழப்பக்கூடும். அவற்றுள் முதன்மையான மூன்றைப் புரிந்துகொண்டால் போதும். சமையலறையை எண்ணிப் பாருங்கள். சமைப்பவர், சமையல் மேடை, பரண் என மூன்று உள்ளன அல்லவா? நுண்செயலி சமைப்பவரைப் போன்றது. நினைவகம் சமையல் மேடையைப் போன்றது. சேமிப்பகம் பரணைப் போன்றது. சமைப்பவர் எத்துணைத் திறமையானவராயினும், மேடை ஒரு சாண் அகலமே இருந்தால் ஒரு பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுத்தான் மற்றொன்றை எடுக்க வேண்டும். நேரலை வகுப்பு, உலாவியில் பத்துப் பக்கங்கள், குறிப்பு எழுதும் மென்பொருள் ஆகியவற்றை ஒருங்கே திறக்கும்போது கணினி திணறுவதற்குப் பெரும்பாலும் நினைவகக் குறைவே காரணம். 4 ஜிபி நினைவகம் இன்று இடர்ப்படுத்தும். 8 ஜிபி போதுமானது. 16 ஜிபி இருப்பின் நான்காண்டுப் படிப்பு முழுவதற்கும் கவலையில்லை.

இங்கு ஒரு சொற்குறிப்பு. தமிழில் ‘செயலி’ என்பது கணினியின் உள்ளே இயங்கும் சில்லையும் குறிக்கிறது; திறன்பேசியில் நாம் நிறுவும் ‘ஆப்’ என்பதையும் குறிக்கிறது. குழப்பம் நேராதிருக்க, முன்னதை நுண்செயலி என வழங்குவது நன்று.

சேமிப்பகத்தில் இருவகை உண்டு. பழைய வன்தட்டினுள் உலோகத் தகடு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு முள் அதன்மேல் நகர்ந்து தகவலைத் தேடும். புதிய வகையான எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. ஆதலால் அது பன்மடங்கு விரைவானது. அதிர்ச்சிக்கும் எளிதில் பழுதாகாது. கடைக்காரர் ‘ஆயிரம் ஜிபி’ என்று பெருமையாகக் கூறும்போது, அது வன்தட்டா எஸ்.எஸ்.டி.யா என்று கேட்க வேண்டும். ஆயிரம் ஜிபி வன்தட்டைவிட 256 ஜிபி எஸ்.எஸ்.டி. மாணவருக்கு மிகுதியும் பயன்படும்.

இச்செய்தி பழைய கணினி உள்ள வீடுகளுக்கு இன்னும் முக்கியமானது. அண்ணன் பயன்படுத்திய கணினி மெதுவாக இயங்குகிறது என்று அதனை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குவதற்கு முன், வன்தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. பொருத்தி, நினைவகத்தையும் கூட்ட இயலுமா என வினவ வேண்டும். புதிய கணினியின் விலையில் சிறு பகுதியே செலவாகும். மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பின்னர்க் கூட்ட முடியாது. புதிதாக வாங்குவோரும் இதனைக் கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

மடிக்கணினியா, மேசைக்கணினியா? ஒரே விலைக்கு மேசைக்கணினி கூடுதல் திறனும் பெரிய திரையும் தரும், பழுதுபார்ப்பதும் எளிது. எனினும் மின்தடை மிகுந்த ஊர்களில் மடிக்கணினியின் மின்கலமே காவலாக அமைகிறது. அடிக்கடி ஊர் மாறும் குடும்பங்களுக்கும் அதுவே ஏற்றது. ஆனால் மின்சாரம் நின்றால் மடிக்கணினி இயங்கும். இணையம் தரும் ரூட்டர் அணைந்துவிடும்! இதனை மறந்து, தேர்வின் நடுவே இணைப்பை இழந்து தவிப்போர் உண்டு. ரூட்டருக்கென்றே கையடக்கமான யு.பி.எஸ். கருவிகள் கிடைக்கின்றன. அது இல்லாதவர், திறன்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் முறையை முன்னரே பழகிவைத்துக்கொள்ள வேண்டும்.

ஒளிப்படக்கருவி பெரும்பாலான மடிக்கணினிகளில் உள்ளது, அதுவே போதும். ஒலிவாங்கி இணைந்த காதணிபேசி ஒன்றைத் தனியே வாங்குதல் நலம். வீட்டின் மற்ற ஒலிகள் வகுப்பினுள் புகாமல் அது தடுக்கும். விளையாட்டுக்கென உருவாக்கப்பட்ட விலையுயர்ந்த வரைகலை அட்டை பெரும்பாலான மாணவருக்குத் தேவையில்லை. கட்டட வடிவமைப்பு, இயந்திர வரைவியல், அசைபடம் ஆகியவற்றைப் பயில்வோர்க்கே அது வேண்டும். தரவு அறிவியல் பயில்வோர்கூட, கூகுள் கோலாப் போன்ற தளங்களில் நிரலை எழுதினால், கணக்கீடு முழுவதும் தொலைவிலுள்ள கணினியில் நடைபெறும். விடை மட்டுமே நம் திரைக்கு வரும்.

இணைப்பும் கணக்கும்

இணைய வேகத்தை ‘எம்பிபிஎஸ்’ என்று விளம்பரங்கள் கூறுகின்றன. அது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்பதைக் குறிக்கும். கோப்பின் அளவையோ நாம் மெகாபைட்டில் கூறுகிறோம். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 40 மெகாபைட் வாராது. மிகுதியாக 5 மெகாபைட்டே வரும்.

ஒரு காணொலி நொடிக்கு 1 மெகாபிட் வீதம் வருவதாகக் கொள்வோம். ஒரு மணிக்கு 3,600 மெகாபிட். எட்டால் வகுக்க, 450 மெகாபைட். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திறன்பேசித் திட்டத்தில் ஏறத்தாழ மூன்றே கால் மணி நேரப் பாடம் காணலாம். காணொலியின் தெளிவை உயர்த்தினால் அந்நேரம் பாதியாகவோ அதனினும் குறைவாகவோ சுருங்கும். கரும்பலகை எழுத்து தெரியும் அளவுக்குத் தெளிவு இருந்தால் போதும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. நேரலை வகுப்பில் நம் முகமும் குரலும் மறுமுனைக்குச் செல்ல வேண்டும் என்பதால் பதிவேற்ற வேகமும் முக்கியம். விளம்பரங்கள் பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தையே பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன.

இணையமே எட்டாத இடங்களுக்கு ‘ஸ்வயம் பிரபா’ உள்ளது. 2017இல் 32 தொலைக்காட்சி அலைவரிசைகளுடன் தொடங்கிய இத்திட்டம், செயற்கைக்கோள் வழியாக வீட்டுத் தொலைக்காட்சிக்கே பாடங்களைக் கொண்டுவருகிறது. ஒரே பாடம் நாளில் பலமுறை மறுஒளிபரப்பாவதால், பகலில் வேலைக்குச் செல்பவர் இரவில் காணலாம். அதில் ஐயம் வினவ இயலாது என்பது உண்மையே. எனினும் தரவுக் கட்டணம் ஒரு காசும் இல்லை.

மென்பொருள்

வன்பொருளுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். மென்பொருளில் பெரும்பகுதி விலையின்றிக் கிடைக்கிறது. இதனை அறியாமல் பலர் வீண்செலவு செய்கின்றனர். அல்லது திருட்டுப்படியை நிறுவுகின்றனர். திருட்டுப்படி சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, அதனுள் ஒளிந்து வரும் தீநிரல் நம் கோப்புகளையும் கடவுச்சொற்களையும் கவர்ந்து செல்லக்கூடும்.

முதலில் இயங்குதளம். பலர் பயன்படுத்துவது விண்டோஸ். விண்டோஸ் 10 பதிப்புக்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம். உபுண்டு அவ்வகையைச் சேர்ந்தது. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் தமிழ் முதலிய இந்திய மொழிகளில் இயங்குகிறது.

கட்டுரை, அட்டவணை, காட்சிவில்லை ஆகியவற்றுக்கு லிப்ரே ஆஃபீஸ் போதும். பொறியியல் கணக்கீட்டுக்கு மேட்லேப் என்னும் விலைமிக்க மென்பொருளுக்கு மாற்றாகச் சைலேப் உள்ளது. மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஃபோசி’ திட்டம் இத்தகைய கட்டற்ற மென்பொருள்களைக் கல்லூரிகளில் பரப்பி வருகிறது. அங்கேயே உருவான ‘ஸ்போக்கன் டுட்டோரியல்’ பாடங்கள் இவற்றைப் படிப்படியாகக் கற்பிக்கின்றன. அவற்றுள் பலவற்றைத் தமிழ்க் குரலிலும் கேட்கலாம். விலையுள்ள மென்பொருளே வேண்டும் என்று பாடத்திட்டம் கூறினால், கல்லூரி மாணவருக்கு உரிமம் வழங்குகிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

தமிழில் எழுதுவதற்கு ஒருங்குறி எழுத்துருவையே பயன்படுத்துதல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரை நம் கணினியில் தமிழாகத் தோன்றும்; அவ்வெழுத்துரு இல்லாத ஆசிரியரின் கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். பார்வைத்திறன் குறைந்தோர் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு மென்பொருளும் ஒருங்குறித் தமிழையே தமிழாகப் படித்துக் காட்டும். உடன் பயிலும் ஒருவர் நம் குறிப்பைக் கேட்டுப் படிக்க இயலுமா என்பது நாம் தேரும் எழுத்துருவைப் பொறுத்தது. தமிழ்99 விசைப்பலகையைப் பயில இரண்டு வாரங்கள் போதும். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருப்பதால் விரல்கள் எளிதில் பழகிவிடும்.

தேர்வு நாள்

என்.பி.டி.இ.எல். பாடங்களின் இறுதித் தேர்வை மாணவர் நேரில் மையத்துக்குச் சென்றே எழுத வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் வீட்டிலிருந்தே எழுதும் தேர்வை நடத்துகின்றன. அப்போது ஒளிப்படக்கருவி தேர்வு முழுவதும் இயங்கிக்கொண்டிருக்கும். வேறு பக்கங்களைத் திறக்கவிடாத தனி உலாவியையும் நிறுவ நேரிடும். இவற்றைத் தேர்வன்று காலையில் நிறுவ முனைவது தவறு. மூன்று நாட்களுக்கு முன்னரே நிறுவி, ஒளி, ஒலி, இணைப்பு மூன்றையும் சோதித்துவிட வேண்டும்.

அதனுடன் கணினியின் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கணினிகளில் அணைத்து இயக்கும்போதெல்லாம் நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடுவதுண்டு. நாள் தவறாக இருந்தால், பாதுகாப்பான இணையத்தளங்களின் சான்றிதழ் செல்லாது என்று உலாவி கருதும். தேர்வுப் பக்கமே திறவாது. இணைப்பில் பழுது என்று எண்ணி மாணவர் அங்குமிங்கும் அலைவார். தாய்ப்பலகையில் நாணய அளவில் பொருத்தப்பட்டுள்ள சிறு மின்கலம் தீர்ந்துபோனதே அதற்குக் காரணம். கடிகாரத்தைச் சரிசெய்தால் பக்கம் உடனே திறக்கும். மின்கலத்தைத் தேர்வு முடிந்தபின் மாற்றிக்கொள்ளலாம்.