நைல் கரையில் ஓர் இதய மருத்துவமனை

உங்கள் கையை மார்பின் இடப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'லப்-டப், லப்-டப்' என்று உள்ளே ஏதோ தட்டுவது தெரிகிறதல்லவா? நிமிடத்திற்கு 72 முறை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு எத்தனை முறை? 72ஐ 60ஆல் பெருக்கி, அதை 24ஆல் பெருக்குங்கள். 1,03,680 என்று விடை வரும். ஒரு நாள்கூட விடுமுறை இல்லாமல் இதயம் இப்படி உழைக்கிறது.

அந்த ஓசை எதனால் உண்டாகிறது? இதயத்தில் நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் உள்ளன. வால்வு என்பது ஒருபக்கம் மட்டுமே திறக்கும் கதவு. முன்னே செல்லும் இரத்தத்திற்கு வழிவிட்டு, அது பின்னே திரும்பாதபடி மூடிக்கொள்ளும். இந்தக் கதவுகள் மூடும்போது எழும் அதிர்வையே டாக்டர் தமது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கிறார். கதவு சரியாக மூடாவிட்டால், ஓசையோடு 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து கேட்கும்.

ஆப்பிரிக்காவில் உள்ள சூடான் நாட்டில் இப்படி இரைச்சல் கேட்கும் இதயத்தோடு பல சிறுவர்களும் சிறுமிகளும் வாழ்கிறார்கள். பத்து வயதுப் பையன் பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் திணறுகிறது, எழுந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறான். அந்நாடோ பல ஆண்டுகளாகப் போரால் அலைக்கழிக்கப்படும் நாடு. அங்கே இத்தகைய குழந்தைகளுக்கு ஒரு காசும் வாங்காமல் இதய அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அதன் கதையில் மருத்துவமும் உண்டு, பௌதிகமும் உண்டு.

தொண்டையில் தொடங்கும் நோய்

குழந்தைகளின் இதய நோய்கள் இரு வகைப்படும். ஒன்று, பிறவிக் குறை. இதய அறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் ஓட்டை இருக்கலாம். இரத்தக் குழாய்கள் இடம் மாறியிருக்கலாம். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று இவ்விதக் குறையுடன் பிறக்கிறது. இது ஏழை நாடு, பணக்கார நாடு என்று பார்ப்பதில்லை.

இரண்டாவது வகை, பிறந்த பின் வருவது. இதன் பெயர் ருமாட்டிக் இதய நோய். இது பெரும்பாலும் ஏழை நாடுகளின் நோய்.

இது எப்படி வருகிறது? முதலில் சாதாரணத் தொண்டைப்புண்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தொண்டையைத் தாக்குகிறது. சிறிய வீட்டில் பலர் நெருங்கி வாழும்போது இது எளிதில் பரவும். பெனிசிலின் கொடுத்தால் கிருமிகள் அழிந்துவிடும். கொடுக்காவிட்டாலும் சில நாட்களில் தொண்டை வலி தானாகவே நின்றுவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கிருமியை எதிர்க்க நமது உடல் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குகிறது அல்லவா? இந்தக் கிருமியின் மேலுள்ள சில புரதங்கள், நமது இதயத் திசுக்களில் உள்ள புரதங்களைப் பெரிதும் ஒத்திருக்கின்றன. ஆகவே சில குழந்தைகளின் உடலில், எதிரியைத் தாக்க வந்த படை ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த வீட்டையே தாக்கத் தொடங்குகிறது. இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சல் அடிக்கிறது. முழங்கால், கணுக்கால் மூட்டுகள் வீங்கி வலிக்கின்றன. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுவரை உள்ளவர்களுக்கே இது மிகுதியாக வருகிறது.

மூட்டு வீக்கம் வடிந்துவிடும். ஆனால் வால்வுகளில் ஏற்பட்ட புண் தழும்பாகிறது. பட்டுத்துணி போல் மெல்லியதாக இருந்த வால்வு இதழ்கள் தடித்து, சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இடப்பக்கத்து இரு அறைகளுக்கு நடுவேயுள்ள ஈரிதழ் வால்வுதான் பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது. கதவு சரியாகத் திறப்பதும் இல்லை. சரியாக மூடுவதும் இல்லை. இரத்தம் பின்னோக்கித் தேங்குவதால் நுரையீரலில் நீர் கோக்கிறது. அந்தப் பையன் உட்கார்ந்தபடி தூங்குவதற்குக் காரணம் இதுவே.

உலகெங்கும் சுமார் 5.5 கோடி மக்களுக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஒரு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு பெனிசிலின் ஊசி வீதம் பல ஆண்டுகள் போட்டுவந்தால், நோய் மறுபடி தாக்காமல் தடுக்கலாம். அதிக விலையுள்ள மருந்தன்று. ஆனால் அதைத் தவறாமல் போட ஊருக்கு ஒரு மருத்துவ நிலையம் வேண்டும். அங்கே போக வழி வேண்டும். போர் நடக்கும் நாட்டில் இவை இரண்டுமே கிடைப்பது அரிது.

இதயத்தை நிறுத்தி வேலை செய்வது

கெட்டுப்போன வால்வைச் சரிசெய்ய இதயத்தைத் திறக்க வேண்டும். ஆனால் ஓயாமல் துடிக்கும் உறுப்பில் எப்படித் தையல் போடுவது? அதை நிறுத்தினால் மூளைக்கு இரத்தம் போகாதே!

இந்தச் சிக்கலை அமெரிக்க டாக்டர் ஜான் கிப்பன் தீர்த்தார். பல ஆண்டு ஆராய்ச்சிக்குப்பின் அவர் உருவாக்கிய இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு, 1953 மே 6 அன்று 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதயச் சுவரிலிருந்த ஓட்டையை அடைத்தார். 26 நிமிடங்கள் அப்பெண்ணின் இதயமும் நுரையீரலும் செய்யவேண்டிய வேலை முழுவதையும் இயந்திரமே செய்தது.

இன்றும் முறை அதுவே. உடலிலிருந்து வரும் கெட்ட இரத்தத்தைக் குழாய் வழியே இயந்திரம் வாங்குகிறது, ஆக்ஸிஜனைச் சேர்க்கிறது, கரியமில வாயுவை நீக்குகிறது, மீண்டும் உடலுக்குள் செலுத்துகிறது. பொட்டாசியம் மிகுந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தியதும் இதயம் அசைவற்று நின்றுவிடும். டாக்டர்கள் வால்வைப் பழுதுபார்ப்பார்கள். முடியாவிட்டால் வேறு வால்வு பொருத்துவார்கள். வேலை முடிந்து இரத்தம் மீண்டும் பாய்ந்ததும் இதயம் துடிக்கத் தொடங்கும்.

இதற்கு அறுவை மருத்துவர் ஒருவர் மட்டும் போதாது. மயக்க மருந்து நிபுணர், இயந்திரத்தை இயக்குபவர், தீவிர சிகிச்சைப் பிரிவின் நர்சுகள், இரத்த வங்கி, ஆய்வுக்கூடம், ஒரு நொடியும் நிற்காத மின்சாரம் என அனைத்தும் வேண்டும்.

உதவும் வழிகள் மூன்று

இவையெல்லாம் இல்லாத நாட்டின் குழந்தைகளுக்குத் தரும நிறுவனங்கள் மூன்று வழிகளில் உதவுகின்றன. குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்று சிகிச்சை செய்து திருப்பி அனுப்புவது ஒரு வழி. மருத்துவக் குழுவே சில வாரங்களுக்கு அந்நாட்டுக்குச் சென்று அறுவை சிகிச்சைகள் செய்துவிட்டுத் திரும்புவது மற்றொரு வழி. இவ்விரு வழிகளிலும் பல உயிர்கள் பிழைத்துள்ளன. எனினும் குழு ஊர் திரும்பிய மறுவாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது?

அந்த நாட்டிலேயே நிலையான மருத்துவமனையைக் கட்டி, அந்நாட்டவரையே பயிற்றுவிப்பது மூன்றாம் வழி. செலவும் சிரமமும் மிகுந்த இந்த வழியைத்தான் இத்தாலியின் 'எமர்ஜென்சி' நிறுவனம் தேர்ந்தெடுத்தது. 1994-இல் ஜினோ ஸ்ட்ராடா என்ற அறுவை மருத்துவரும் அவர் மனைவி தெரசா சார்த்தியும் மிலான் நகரில் சில நண்பர்களோடு சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். போரில் காயமடைந்தோருக்கும் கண்ணிவெடியில் கால் இழந்தோருக்கும் சிகிச்சை அளிப்பதே இதன் முதல் வேலை.

சூடானின் தலைநகர் கார்ட்டூம். வெள்ளை நைலும் நீல நைலும் அங்கே ஒன்று கலக்கின்றன. அதற்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில், ஸோபா என்னுமிடத்தில் 2007-இல் 'சலாம்' இதய அறுவை மருத்துவ மையம் திறக்கப்பட்டது. 'சலாம்' என்ற அரபுச் சொல்லுக்கு அமைதி என்று பொருள். 63 படுக்கைகள், சிகிச்சை முற்றிலும் இலவசம். சூடானிலிருந்து மட்டுமன்றி இருபதுக்கும் மேற்பட்ட வேறு நாடுகளிலிருந்தும் நோயாளிகள் வந்துள்ளனர். 1994-இல் பெரும் இனப்படுகொலையைக் கண்ட ருவாண்டா நாட்டிலிருந்து எட்டுக் குழந்தைகள் இங்கு வந்து அறுவை சிகிச்சை பெற்றதை ஓர் ஆவணப்படம் காட்டுகிறது.

"குடிநீருக்கே வழியில்லாத நாட்டில் இவ்வளவு செலவில் இதய மருத்துவமனை எதற்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அதே பணத்தில் எத்தனையோ பேருக்குத் தடுப்பூசி போடலாமே! ஆனால் ஸ்ட்ராடாவின் எண்ணம் வேறு: பணக்கார நாட்டுக் குழந்தைக்கு உரிமையான சிகிச்சை ஏழை நாட்டுக் குழந்தைக்கும் உரிமைதான், ஏழைகளுக்கு இதுவே போதும் என்று தரத்தைக் குறைக்க எவருக்கும் உரிமை இல்லை. 2021-இல் அவர் மறையும்வரை இந்தக் கருத்திலிருந்து மாறவில்லை.

வெயிலே தரும் குளிர்ச்சி

கார்ட்டூமில் கோடையில் 45 டிகிரி செல்சியஸ்வரை வெப்பம் ஏறும். 'ஹபூப்' என்னும் புழுதிப்புயல் வானையே மறைக்கும். அறுவை அறைக்குள் ஒரு துகள் தூசியும் கூடாது, குளிர்ச்சியும் வேண்டும். என்ன செய்வது?

வெளிக்காற்று முதலில் நிலத்தடியில் அமைந்த வளைந்து வளைந்து செல்லும் சுரங்கப் பாதையில் நுழைகிறது. சுவர்களில் மோதி வேகம் குறைகிறது. மணலும் தூசியும் கீழே படிகின்றன. நிலத்தடியில் காற்றும் சற்றுக் குளிர்கிறது. மேலும் குளிர வைக்கச் சூரிய வெப்பத்தையே பயன்படுத்துகிறார்கள். வெற்றிடக் குழாய்கள் கொண்ட 288 சூரிய வெப்பச் சேகரிப்பான்கள் நீரைக் காய்ச்சுகின்றன. அந்த வெந்நீர்தான் குளிரூட்டும் இயந்திரத்தை இயக்குகிறது!

வெந்நீர் எப்படிக் குளிர்ச்சி தரும்? மண்பானைத் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் உள்ளே உள்ள நீர் குளிர்கிறது. இவ்வகை இயந்திரத்திலும் ஒரு திரவம் ஆவியாகிக் குளிர்ச்சி தருகிறது. அந்த ஆவியை ஒரு கரைசல் உறிஞ்சிக்கொள்கிறது. கரைசலைச் சூடாக்கினால் ஆவி வெளிவரும். அதை மீண்டும் திரவமாக்கிப் பயன்படுத்தலாம். அந்தச் சூட்டைக் கொடுப்பதே வெந்நீரின் வேலை. வெயில் கடுமையாகும்போது குளிர்ச்சியும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அதே வேளையில் வெந்நீரும் மிகுதியாகக் கிடைக்கிறது. எவ்வளவு பொருத்தம்!

கட்டுமானப் பொருள்களை ஏற்றிவந்த சரக்குப் பெட்டகங்களையும் வீணாக்கவில்லை. அவற்றை அடுக்கி, வெப்பம் புகாத பலகைகள் பொருத்தி, மூங்கில் தட்டிகள் கட்டி, பணியாளர்களுக்கு வீடுகளாக்கிவிட்டார்கள். 2013-இல் இக்கட்டடத்திற்கு ஆகா கான் கட்டடக்கலைப் பரிசு கிடைத்தது.

மாதம் ஒரு பரிசோதனை

அறுவை சிகிச்சை முடிந்தது, பையன் ஓடியாடுகிறான். கதை முடிந்ததா? இல்லை.

பொருத்தப்படும் வால்வுகள் இரு வகை. விலங்குத் திசுவால் ஆன வால்வு குழந்தைகளின் உடலில் விரைவில் சுண்ணாம்பு படிந்து கெட்டுவிடும்; சில ஆண்டுகளில் மீண்டும் மார்பைத் திறக்க நேரும். கரியால் ஆன இயந்திர வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அதன்மேல் இரத்தம் உறையக்கூடும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்விலேயே தங்கினால் மரணம். இதைத் தடுக்க நாள்தோறும் வார்ஃபரின் என்னும் மாத்திரை சாப்பிட வேண்டும்.

இந்த மருந்தின் கதை வேடிக்கையானது. 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சை பிடித்த தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் இறந்தன. அதற்குக் காரணமான பொருளைக் கண்டறிந்து ஆராய்ந்ததில் பிறந்ததே வார்ஃபரின். முதலில் எலி மருந்தாக விற்றது. 1954-இல் மனிதருக்கு மருந்தாயிற்று!

எலியைக் கொல்லும் பொருளாதலால் அளவு மிக முக்கியம். குறைந்தால் இரத்தம் உறையும். கூடினால் இரத்தக் கசிவு உண்டாகும். உண்ணும் கீரையின் அளவு மாறினால்கூட மருந்தின் வேகம் மாறும். ஆகவே பெரும்பாலும் மாதம் ஒரு முறையாவது இரத்தத்தைச் சோதித்து மாத்திரையின் அளவைச் சரிசெய்ய வேண்டும். பெண் குழந்தை வளர்ந்து தாயாகும்போது இம்மருந்து கருவுக்குத் தீங்கு செய்யலாம் என்பது இன்னொரு கவலை. எனவே முடிந்தவரை குழந்தையின் சொந்த வால்வையே பழுதுபார்க்கவே டாக்டர்கள் முயல்கிறார்கள்.

2023 ஏப்ரல் 15 அன்று கார்ட்டூமில் இராணுவத்துக்கும் துணை இராணுவப் படைக்கும் இடையே போர் மூண்டது. மருத்துவமனைகள் பல மூடப்பட்டன. மின்சாரமும் எரிபொருளும் அற்றுப்போயின. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்து சிதறினர். அவர்களில் செயற்கை வால்வோடு ஓடியவர்களும் இருந்தனர். குண்டு அவர்கள்மீது விழவேண்டியதில்லை. மாத்திரையும் மாதப் பரிசோதனையும் நின்றுபோனாலே உயிர் போய்விடும். சலாம் மையம் போர் நடுவிலும் கதவை மூடவில்லை. ஆனால் அக்கதவுவரை வந்துசேர எல்லோராலும் இயலவில்லை.

போரில் இறந்தோர் கணக்கில் குண்டடிபட்டவர் பெயர்கள் சேரும். மாத்திரை கிடைக்காமல் இறந்த சிறுமியின் பெயர் எந்தக் கணக்கில் சேரும்? நினைத்துப் பாருங்கள்.

ருமாட்டிக் காய்ச்சல் நம் நாட்டிலும் இல்லாமல் போய்விடவில்லை. எல்லாத் தொண்டைப்புண்ணும் ஆபத்தானதன்று. பெரும்பாலானவை வைரஸால் வந்து தாமே போய்விடும். ஆயினும் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தை நீங்களாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள். டாக்டர் கொடுத்தால் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிடுங்கள். தக்க காலத்தில் கொடுக்கும் பெனிசிலின், மார்பைத் திறக்கவேண்டிய தேவையையே இல்லாமல் செய்துவிடும்.