சித்தன்னவாசலில் ஒரு தாய் கேட்ட கேள்வி

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் நம் பங்கின் பாடற்குழுவினரோடு சித்தன்னவாசலுக்குச் சென்றிருந்தோம். புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் அறிவர் கோயிலைக் கண்டுவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டோம். வழியில் இளநீருக்காக இறங்கியதில் ஒன்பதரை மணியாகிவிட்டது. பாறையைக் குடைந்து சமணர் அமைத்த கோயில் அது. தாமரைப் பொய்கை, அதில் மீன்கள், நீரில் இறங்கிய யானைகள், பூக்கொய்யும் உருவங்கள் என்று விதானம் நிறைய ஓவியம். தூண்களிலே ஆடும் மகளிர் இருவர். 9-ஆம் நூற்றாண்டில், சீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. நிறங்கள் பெரிதும் மங்கிவிட்டன. எனினும் அம்மகளிரின் கைவீச்சில் இன்னும் தாளம் தெரிகின்றது.

உட்கருவறை மிகச் சிறியது. அதன் நடுவில் நின்று மெல்ல ஒலி எழுப்பினால் அவ்வொலி அறை முழுதும் சுழன்று நம்மையே வந்தடைகின்றது. எங்களுள் ஒவ்வொருவரும் அதனைச் சோதித்துப் பார்த்தோம். நம் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இருமல்தான் வந்தது; அதுவும் கம்பீரமாகவே எதிரொலித்தது! இறுதியாகப் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். வாய் திறவாமல் ஸட்ஜத்தை மட்டும் பிடித்தாள். நான்கு சுவர்களும் தம்புரா மீட்டுவது போலிருந்தது. சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

வெளியே வந்து மரநிழலில் அமர்ந்தபோதுதான் அச்சிறுமியின் தாய் தம் மனத்திலிருந்ததைச் சொன்னார்.

“ஆறு ஆண்டுகளாக இவள் கர்நாடக சங்கீதம் படிக்கின்றாள், ஐயா. உறவினர்கள், ‘நம் பிள்ளை எதற்காக வேற்றுச் சமயக் கீர்த்தனைகளைப் பாட வேண்டும்?’ என்று கேட்கின்றார்கள். பாட்டு வாத்தியாரோ, ‘கோயில் பாட்டு, சினிமாப் பாட்டு என்று எல்லாம் பாடிக்கொண்டிருந்தால் குரல் கெட்டுவிடும்’ என்கின்றார். இவள் எதைத்தான் பாடுவது? நீங்களே சொல்லுங்கள்.”

அவ்விடத்தில் உடனே விடை கூற நமக்கு இயலவில்லை. ஒன்று ஆன்மாவைப் பற்றிய அச்சம். மற்றொன்று தொண்டையைப் பற்றிய அச்சம். இரண்டையும் ஒரே மூச்சில் தீர்க்க முடியாதன்றோ? வீடு திரும்பிய பின் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கு எழுதுகின்றோம். இதே கேள்வி வேறு பல குடும்பங்களிலும் உண்டு என்பதை அறிவோம்.

முதலில் தொண்டையின் அச்சத்தைப் பார்ப்போம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. சரளி வரிசையில் தொடங்கி, ஜண்டை வரிசை, அலங்காரம், வர்ணம் என்று ஏறிவரும் மாணவிக்கு மூச்சுக் கட்டுப்பாடும், சுருதியைவிட்டு விலகாத காதும், மூன்று காலத்திலும் தளராத தாளமும் கைவருகின்றன. இம்மூன்றும் எந்த இசைக்கும் உதவும் மூலதனங்களே. ஆனால் கச்சேரி மேடையில் ஒரு ராகத்தை அரை மணிநேரம் விரித்துப் பாடப் பழகியவர், திரைப்படத்தில் மூன்று நான்கு நிமிடங்களுக்குள், இசையமைப்பாளர் வகுத்த வரம்புக்குள் நிற்க வேண்டும். மேடையில் குரலை எறிய வேண்டும். ஒலிப்பதிவு அறையில் ஒலிவாங்கி மூச்சையும் பிடித்துவிடுமாதலால் குரலை அடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கமகத்தை எங்கே விடுவது என்று தெரிய வேண்டும். சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் மேனாட்டார் பியானோவின் வெள்ளைக் கட்டைகளில் உள்ளவையே. நம்மவர் அவற்றை அசைத்துப் பாடுவர். அவர்கள் அசையாது நிறுத்துவர். மேனாட்டு முறையில் பல குரல்கள் சேர்ந்தொலிக்கும்போது ஒரு குரல் மட்டும் அசைந்தால் கட்டடமே ஆடிப்போகும்.

ஆகவே இசை மாறும்போது குரல் கெடுவதில்லை. பழக்கத்தை மாற்றிக்கொள்ளாத குரலே இடர்ப்படுகின்றது. இதனைப் பெரியோர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய பாண்டு வாத்தியத்தாரின் மெட்டுக்களைக் கேட்டு, அவற்றுக்கு ஏற்ப ஏறத்தாழ 40 சமஸ்கிருதப் பாடல்களைச் சங்கராபரணத்தில் இயற்றினார். ‘நோட்டு ஸ்வர சாகித்தியம்’ என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுபவை அவையே. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளையரிடம் வயலின் கற்று அதனை நம் இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்கவும் இயலுமோ?

இப்புதுக்கோட்டைச் சீமையே இதற்குச் சான்று. பஜனைகளில் ஒலித்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மாமுண்டியா பிள்ளை இவ்வூரார். 1916-இல் இங்குப் பிறந்த பி.யு.சின்னப்பா சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பருவ வயதில் குரல் உடைந்தது. அத்துடன் ஓய்ந்துவிடாமல் முறையாகச் சங்கீதம் பயின்றார், திரையுலகில் புகுந்தார், கச்சேரிகளும் செய்தார். 1944-இல் வெளிவந்த ‘ஜகதலப்ரதாபன்’ படத்தில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஒரே மேடையில் ஐந்து உருவில் தோன்றிய காட்சியை முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1951-இல், முப்பத்தைந்தே வயதில், அவர் மறைந்தார்.

பெண்களுள்ளும் இதற்குக் குறைவில்லை. டி.கே.பட்டம்மாளும், எம்.எல்.வசந்தகுமாரியும் கச்சேரி மேடையின் மதிப்புக் குன்றாமலே திரைப்படங்களுக்கும் பாடினர். நம் நாளில் பம்பாய் ஜெயஸ்ரீ கர்நாடக இசையோடு இந்துஸ்தானியும் கற்றவர். ‘லைஃப் ஆஃப் பை’ என்னும் ஆங்கிலப் படத்துக்காக அவர் தமிழில் எழுதிப் பாடிய தாலாட்டு, 2013-இல் ஆஸ்கார் விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. பாட்டு வாத்தியாரின் எச்சரிக்கையை நாம் தள்ளிவிடச் சொல்லவில்லை. அடித்தளம் உறுதிப்படும் வரையில் பல துறைகளில் அலையக் கூடாது என்பதே அவர் கருத்தானால், அவர் சொல்வது சரியே. ஆறு ஆண்டுகள் அதற்குப் போதுமா என்பதை அவரே அறிவார்.

இனி அந்த உறவினர்களின் கேள்வி. இதற்கு விடையாக நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கே.ஜே.யேசுதாஸ். 1940 ஜனவரி 10-ஆம் நாள் கொச்சிக் கோட்டையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை அகஸ்டின் ஜோசப் நாடக மேடையில் புகழ்பெற்ற பாடகர். மகனுக்கு முதல் ஆசானும் அவரே. யேசுதாஸ் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியில் பயின்றார். திருவனந்தபுரத்தில் தொடர்ந்த மேற்படிப்பு பொருள் முடையால் நின்றுபோயிற்று. 1961 நவம்பர் 14-ஆம் நாள் திரைப்படத்துக்காக முதன்முதல் அவர் குரல் பதிவாயிற்று. பாடியது எது தெரியுமா? சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி மாந்தர் உடன்பிறப்புகளாய் வாழ்வதைப் பற்றி ஸ்ரீநாராயண குரு எழுதிய சில அடிகள். 1964-இல் வீணை எஸ்.பாலசந்தரின் ‘பொம்மை’ வாயிலாகத் தமிழுக்கு வந்தார். 1976-இல் ‘சித்சோர்’ வாயிலாக இந்தி உலகமே அவரைத் தன்னவராகக் கொண்டாடியது. சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது எட்டு முறை அவரை வந்தடைந்தது.

இத்தனைக்கும் நடுவில் அவர் கர்நாடக இசையைக் கைவிடவில்லை. திரையில் பெயர் பெற்ற பின்னரும் செம்பை வைத்தியநாத பாகவதரிடம் மாணவராய் அமர்ந்தார். செம்பை குருவாயூரப்பனிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர், வைதிகர். அப்பெரியவர் ஒரு கிறிஸ்தவ இளைஞரைச் சீடராக ஏற்றுத் தம்மோடு மேடையில் அமர்த்திக்கொண்டார். 1974-இல் செம்பை மறைந்தார். அவர் பெயரால் குருவாயூரில் ஆண்டுதோறும் இசை விழா நடைபெறுகின்றது. இந்துக்களுக்கு மட்டுமே நுழைவு என்பது அக்கோயிலின் விதி. எனவே குருவின் இஷ்டதெய்வத்தின் சந்நிதிக்குச் சீடர் செல்லக் கூடவில்லை. சபரிமலையிலோ நடை சாத்தும் வேளையில் ஒலிப்பது அவர் குரலே. நம் ஆலயங்களிலும் இல்லங்களிலும் அவர் பாடிய கிறிஸ்தவப் பாடல்கள் எத்தனை ஒலிக்கின்றன என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இது ஒருவழிப் பாதையும் அன்று. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை நம்மவர். 1889-இல் மறைந்த கத்தோலிக்கர். அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ கச்சேரி மேடைகளில் பாடப்பட்டு வந்துள்ளன. பாடியவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்கள் அதனால் தம் சமயத்தை இழந்துவிட்டார்களோ?

எல்லாம் இனிமையாகவே இருந்துவிட்டது என்றும் எழுத முடியாது. 2018 ஆகஸ்டில், கிறிஸ்தவப் பாடல்களைப் பாடிய, பாட முன்வந்த கர்நாடக இசைக் கலைஞர் சிலர் சமூக ஊடகங்களில் வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளாயினர். ஓ.எஸ்.அருண் பாடுவதாக இருந்த நிகழ்ச்சி கைவிடப்பட்டது. டி.எம்.கிருஷ்ணாவோ, இனி மாதந்தோறும் இயேசுவையோ அல்லாவையோ குறித்த பாடல் ஒன்றை வெளியிடுவதாக அறிவித்தார். மிரட்டலை எவரும் ஏற்க இயலாது. ஆயினும், ‘பழைய கீர்த்தனையின் மெட்டை அப்படியே எடுத்துச் சொற்களை மட்டும் மாற்றிப் பாடுவது எங்களைப் புண்படுத்துகின்றது’ என்று பண்போடு சொன்னவர்களும் இருந்தனர். அக்குறையைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது. திரைப்பட மெட்டில் காணிக்கைப் பாடல் அமைக்கும் வழக்கம் நம் பங்குகளிலேயே உண்டன்றோ? அது நமக்கே உறுத்துகின்றது.

அந்த ஆகஸ்டில் நம் மக்கள் மிகவும் வருந்தினர். அதே மக்களுள் சிலர் தம் உறவினர் மகள் வர்ணம் பாடுவதைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். இவ்விரண்டும் எவ்வாறு ஒத்துப்போகும் என்பது நமக்குப் புரியவில்லை. 1963-இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, கிரகோரியன் இசைக்கு முதன்மை தருவதோடு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கும் உரிய மதிப்பளிக்குமாறு கூறுகின்றது. அம்மரபைப் பயிற்சி பெற்ற குரல்களே ஆலயத்துக்குள் கொண்டுவர வேண்டும். அப்பயிற்சியோ அதன் பழைய கீர்த்தனைகளின் வழியாகத்தான் கிடைக்கும். வேறு வழி இல்லை.

சித்தன்னவாசலிலிருந்து திரும்பும் வழியில் குடுமியான்மலைக்கும் சென்றோம். அங்குள்ள குடைவரைக் கோயிலின் பக்கத்துப் பாறையில் பெரும் இசைக் கல்வெட்டு ஒன்றுண்டு. ஏழு ராகங்களுக்குரிய ஸ்வரக் கோவைகள் கிரந்த எழுத்தில் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ருத்ராசாரியார் என்பவரின் மாணவனான ஓர் அரசன், இசை பயிலும் சீடர்களின் நன்மைக்காக இதனைச் செய்வித்ததாக அதுவே கூறுகின்றது. அவ்வரசன் மகேந்திரவர்ம பல்லவன் என்பர், மறுப்போரும் உளர். வடமொழிப் பாடத்தின் முடிவில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியன என்று தமிழில் ஒரு குறிப்பு. நரம்புகளின் எண்ணிக்கை என்று அறிஞர் பொருள் கூறுகின்றனர். அதில் பாட்டின் சொற்கள் இல்லை. ஸ்வரங்கள் மட்டுமே உள்ளன. அச்சிறுமி அப்பாறையின் முன் வெகுநேரம் நின்றாள். தாயும் அவளை அவசரப்படுத்தவில்லை.

நாம் எண்ணியவற்றையெல்லாம் பின்னொரு நாள் அத்தாயிடம் கூறினோம். அவர் எவ்விதத் தீர்மானமும் சொல்லாமல் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். டிசம்பரில்தான் விடை தெரிந்தது. கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலிக்கு நீலாம்பரியில் ஒரு தாலாட்டுப் பாட மகளை அனுப்புவதாகச் சொன்னார். ஒத்திகையில் கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கும் அவளுக்கும் பெரும் சங்கடம். அவள் ஸ்வரத்தை வளைக்க, கட்டை வளைய மறுத்தது! இரண்டு மாலைகள் வீணாயின. மூன்றாம் நாள் அத்தம்பியே ஒரு வழி கண்டார்: தாலாட்டுக்கு ஸட்ஜ பஞ்சமத்தை மட்டும் நீட்டிப் பிடிப்பது, நற்கருணைப் பாடலில் அவர் தம் விருப்பம்போல் வாசிப்பது, அவள் அசையாமல் நேர் ஸ்வரத்தில் பாடுவது.

நள்ளிரவில் அப்படியே நடந்தது. பாட்டு வாத்தியாரும் வந்திருந்தார். ஆலயத்தின் கடைசியில், தூணோரமாக, கைகட்டி நின்றார். திருப்பலி முடிந்து எல்லாரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் மாணவியிடம், “மேல் ஸட்ஜத்தில் சுருதி இம்மியளவு இறங்கியது, அம்மா. பனிதான் காரணம். விடுமுறை முடிந்ததும் வா, பார்த்துக்கொள்வோம்” என்று சொல்லி, கேக்குத் துண்டை வாங்கிக்கொண்டு போனார்.