எட்டு மாத ஆசான்

நாவிதன்வெளியிலிருந்து கிட்டங்கி வழியாகக் கல்முனைக்குச் செல்லும் நேயர்களுக்கு ‘உவெஸ்லி’ ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர். அப்பெயர் இக்கரைக்கு வந்த வரலாறு துயரம் நிறைந்தது.

உவில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த போதகர் 1814 இல் இங்கிலாந்திலிருந்து காலியில் வந்திறங்கினார். மனைவியாரைக் கடற்பயணத்திலேயே இழந்துவிட்டார். குழுத் தலைவர் தாமஸ் கோக்கும் வழியிலே மறைந்தார். தனியராய் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கினார். எட்டே மாதங்கள்! 1815 ஏப்ரலில் அவரும் மறைந்தார். அப்பள்ளியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி.

கல்முனையில் அச்சபையாரின் உவெஸ்லி 1883 இல் எழுந்தது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இளமையில் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிற் பயின்றவரே.

முஸ்லிம் பெற்றோரோ தயங்கினர். ஆங்கிலத்தோடு மதமும் புகுந்துவிடுமோ என்னும் அச்சம் அது. அதனைப் பேதைமையென்று தள்ள நாம் ஒருப்படோம்; மதம் பரப்ப வந்ததைப் போதகர்களே மறைத்தாரல்லர். எனினும் கல்வியை விட்டொதுங்கின் இழப்பு யாருக்கு? 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, நம் பிள்ளைகளுக்கு நாமே பள்ளி காண்போம் என்று வாதாடினார். அவர் முயற்சியால் 1892 இல் கொழும்பில் எழுந்த பள்ளியே பின்னர் சாஹிராக் கல்லூரியாயிற்று.

கல்முனைக்கு ஒரு சாஹிரா 1949 இலேதான் வாய்த்தது; ஓல்ட் பள்ளி தொடங்கி 135 ஆண்டுகளின் பின்!