பொய்க் காயமா, மெய்க் காயமா? வேடமிட்ட போர்க்களத்தில் வைத்தியரின் வேலை

“சுட்டுட்டேன், நீ செத்துட்ட!”

“இல்ல, எனக்குப் படவே இல்ல!”

புளோக்கின் கீழ்த்தளத்தில் திருடன் போலிஸ் விளையாடிய எல்லாப் பிள்ளைகளும் இந்தச் சண்டையைப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் குரல் பெரிதாக உள்ளவர்தான் அதில் ஜெயிப்பார். அதே விளையாட்டைச் சில ஆயிரம் பெரியவர்கள், கவசமும் வாளுமாக, ஒரு வயல்வெளியில் கூடாரம் அடித்து மூன்று நாள் ஆடினால் யார் செத்தார், யார் பிழைத்தார் என்பதை யார் முடிவு செய்வது?

இதற்கு விடை தேடிய விளையாட்டுதான் ‘லார்ப்’. ஒரு கதாபாத்திரத்தின் உடையை அணிந்து, அந்தப் பாத்திரமாகவே நடந்து, பேசி, சண்டையிடும் நேரடி விளையாட்டு அது. எழுதிய வசனம் இல்லை, பார்வையாளரும் இல்லை. தமிழில் நிலைத்த சொல் இன்னும் அமையாததால் இக்கட்டுரையிலும் ‘லார்ப்’ என்றே குறிப்பிடுகிறோம்.

அமெரிக்காவில் 1977ல் வாஷிங்டன் வட்டாரத்தில் தொடங்கிய ‘டாகோர்ஹிர்’, பிரிட்டனில் 1982ல் செஷையரின் பெக்ஃபர்ட்டன் கோட்டையில் நடந்த ‘டிரெஷர் டிராப்’, டெக்சஸின் எல் பாசோ நகரில் 1983ல் பிறந்த ‘ஆம்ட்கார்ட்’ ஆகியவை இதன் முன்னோடிகளில் சில. இன்று ஐரோப்பாவில் இதற்கென்றே பெருவிழாக்கள் நடக்கின்றன. ஜெர்மனியின் ‘டிராகன்ஃபெஸ்ட்’ 2001லிருந்தும், ‘மித்தோடியா’ 2004லிருந்தும் ஆயிரக்கணக்கானோரை ஈர்த்து வருகின்றன.

வாள்கள் எல்லாம் பஞ்சுபோன்ற நுரைப்பொருளும் ரப்பர் பூச்சும் கொண்டவை. உள்ளே ஒரு கண்ணாடியிழைத் தண்டு இருக்கும். ஓங்கி அடிப்பதில்லை, அடி படும் நொடியில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். ஆக, அடி வலிப்பதில்லை. வலிக்காத அடியை வைத்துக் காயத்தை எப்படிக் காட்டுவது என்பதில்தான் ஒவ்வொரு லார்ப்பும் தனக்கென ஒரு வழியை வைத்திருக்கிறது.

ஆகப் பழைய வழி, உடம்பையே கணக்குப் பலகையாக்குவது. ஆம்ட்கார்ட் போன்ற ஆட்டங்களில் கையில் அடி பட்டால் அந்தக் கை போயிற்று. முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு மற்றக் கையால் போரிட வேண்டும். காலில் பட்டால் மண்டியிட்டுத்தான் சண்டை. இன்னோர் உறுப்பிலும் பட்டாலோ, உடற்பகுதியில் நேராகப் பட்டாலோ மரணம். ‘பட்டது’ என்று ஒப்புக்கொள்ள வேண்டியவர் அடி வாங்கியவரே. நடுவர் இருந்தாலும் முழு ஆட்டமும் இந்த நேர்மையின் மேல்தான் நிற்கிறது. புண்ணையே விழுப்புண், புறப்புண் என்று பிரித்துப் பெயர் வைத்த மொழி நம்முடையது; இந்த வகைப்பாட்டு ஆர்வம் நமக்குப் புரியாததல்ல.

இங்கே வருகிறார் வைத்தியர். (கதைக்குள் காயம் ஆற்றுபவரை இக்கட்டுரை ‘வைத்தியர்’ என்றும், உண்மையான சிகிச்சை தருபவரை ‘முதலுதவியாளர்’ என்றும் குறிப்பிடும். இந்த இரண்டும் குழம்பினால் என்ன ஆகும் என்பது பின்னால் வருகிறது.) ஆம்ட்கார்டில் வைத்தியர் ஒரு மந்திரவாதி மாதிரி. காயம்பட்டவரைத் தொட்டுக்கொண்டு குறிப்பிட்ட வரிகளைச் சத்தமாகச் சொல்லி முடித்தால் போன கை திரும்பி வரும். பாதியில் எதிரி அவரை வெட்டினால் மந்திரமும் போச்சு, வைத்தியரும் போச்சு.

மூன்று நிமிடங்கள்

இங்கிலாந்தில் 2013லிருந்து ஆண்டுக்கு நான்கு முறை நடக்கும் ‘எம்பயர்’ என்ற லார்ப்பில் இது இன்னும் கூர்மையாகிறது. அங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சில அடிகளைத் தாங்கும் அளவு உண்டு. கவசமும் திறனும் அதைக் கூட்டும். அளவு தீர்ந்தால் அவர் கீழே விழ வேண்டும். உடனே சாவதில்லை. மனத்துக்குள் 180 நொடிகளை எண்ணத் தொடங்குகிறார். எண்ணி முடிப்பதற்குள் யாரும் வரவில்லை என்றால் அந்தப் பாத்திரம் இறந்துவிடும். அந்த இறப்பு நிரந்தரமானது. கணினி விளையாட்டுபோல மீண்டும் தொடங்க முடியாது. ஐந்து ஆண்டுகளாக ஒருவர் வளர்த்த பெயர், நட்பு, பகை, பதவி எல்லாம் அந்த மூன்று நிமிடத்தில் முடிந்துபோகலாம். அடுத்த முறை அவர் வேறொரு பெயரில், வேறோர் ஆளாக வர வேண்டும்.

இதனால்தான் அங்கே வைத்தியருக்கு மரியாதை. கூட்டத்தில் வாள் வீசத் தெரிந்தவர்கள் நூறு பேர் கிடைப்பார்கள். புழுதியில் கிடப்பவரைத் தேடிப்போய், குனிந்து, கைகள் நடுங்காமல் கட்டுப் போடுபவர் சிலரே. வைத்தியம் பார்த்ததாகச் சொன்னால் மட்டும் போதாது. விதி கேட்கும் நேரம் முழுவதும் அதை நடித்துக் காட்ட வேண்டும்: துணியைக் கிழிப்பது, காயத்தை அழுத்துவது, “கண்ணைத் திற, என்னைப் பார்” என்று பேச்சுக் கொடுப்பது. அந்த நேரத்தில் அவரால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. யாரேனும் கேடயத்துடன் அருகில் நிற்க வேண்டும்.

காயத்தின் வகையைச் சொல்வதற்கு எம்பயரில் கூப்பாடுகள் உண்டு. தாக்குபவர் அடிக்கும்போதே ஒரு சொல்லைக் கத்துவார். ‘கிளீவ்’ என்றால் அடிபட்ட கையோ காலோ பயனற்றுப்போனது. ‘வெனம்’ என்றால் ஆயுதத்தில் நஞ்சு. ஒவ்வொன்றுக்கும் தனி மூலிகை: சிதைந்த உறுப்புக்கு ‘மாரோவோர்ட்’, நஞ்சுக்கு ‘இம்பீரியல் ரோஸ்வீல்ட்’, இழந்த வலிமைக்கு ‘ட்ரூ வெர்வெய்ன்’. எல்லாமே கற்பனைச் செடிகள். ஆனால் கையிருப்பு கற்பனையல்ல. மூலிகைத் தோட்டம் வைத்திருக்கும் பாத்திரங்களுக்கு ஒவ்வொரு நிகழ்விலும் இவ்வளவுதான் என்று அளவு உண்டு; மற்றவர்கள் விலைக்கு வாங்க வேண்டும்.

விளைவு, போர் தொடங்குவதற்கு முன்பே வைத்தியர்களுக்கு ஒரு கணக்கு வந்துவிடுகிறது. பையில் நஞ்சுமுறி ஒன்றுதான் இருக்கிறது. விழுந்து கிடப்பவர் இரண்டு பேர். ஒருவர் தளபதி, மற்றவர் நேற்று சேர்ந்த இளைஞர். யாருக்குக் கொடுப்பது? பேரிடர் மருத்துவத்தில் யாரை முதலில் கவனிப்பது என்று தரம்பிரிக்கும் அதே கேள்வி இங்கே விளையாட்டாக வருகிறது. பலரும் வைத்தியர் பாத்திரத்தை விரும்பித் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் காரணம் என்பது என் எண்ணம். சண்டைக்காரருக்கு எதிரி முன்னால் நிற்பதால் முடிவு எளிது. வைத்தியருக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

புள்ளிக் கணக்கே வேண்டாம்

ஜெர்மன் லார்ப்களில் பெரிய பகுதி இந்தக் கணக்குகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டது. ‘எதை நடித்துக் காட்ட முடியுமோ அதைத்தான் உன் பாத்திரத்தால் செய்ய முடியும்’ என்பது அங்குள்ள கொள்கை. அடி பட்டால் எத்தனை புள்ளி போனது என்று யாரும் எண்ணுவதில்லை. எவ்வளவு ஆழமான காயம், எங்கே, எவ்வளவு நாளில் ஆறும் என்பதையெல்லாம் அடிபட்டவரே முடிவு செய்கிறார்.

இந்த முறையில் வைத்தியரின் கூடாரம் ஒரு சிறு நாடகக் கொட்டகை. தோல் மேலங்கி, மர மேசை, துருப்பிடித்ததுபோல் வண்ணம் பூசிய இடுக்கிகள், கிண்ணம் நிறையச் செயற்கை இரத்தம். சர்க்கரைப் பாகும் உணவு நிறமும் கலந்தால் அந்த இரத்தம் தயார். உள்ளங்கையில் ஓர் அம்புமுனையை ஒளித்து வைத்துக்கொண்டு, வெளியே எடுத்ததுபோல் கிண்ணத்தில் ‘டங்’ என்று போடும் வைத்தியர்கள் உண்டு. மேசையில் கிடப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு அலறுவார். அலறல் சரியாக இருந்தால் வெளியே வரிசையில் நிற்பவருக்கு வயிற்றைக் கலக்கும். இருவருக்கும் அதுதான் மகிழ்ச்சி.

வைத்தியர் ஒரு பாத்திரமாகத்தான் கேள்வி கேட்கிறார்: “எங்கே வலிக்கிறது? கால்விரலை அசைக்க முடிகிறதா?” படுத்திருப்பவர் சொல்லும் பதிலிலிருந்து அவர் எந்த அளவு காயத்தை விரும்புகிறார் என்பது புரிந்துவிடும். அசைக்க முடியவில்லை என்றால் அவருக்கு நீண்ட கதை வேண்டும். “பரவாயில்லை, கட்டினால் போதும்” என்றால் அவர் சீக்கிரம் போருக்குத் திரும்ப நினைக்கிறார்.

தொடுதல் பற்றியும் சொல்ல வேண்டும். உடையை விலக்குவது, மார்பில் கை வைத்து அழுத்துவது என்றெல்லாம் வைத்திய நடிப்பு போகக்கூடும். நல்ல ஏற்பாட்டாளர்கள் இதை முன்கூட்டியே பேசிவிடச் சொல்வார்கள். காயம்பட்டவரைத் தூக்குவதும் அப்படித்தான். முழு ஆளை உண்மையாகவே தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். பல ஆட்டங்களில் தோளில் கை வைத்தாலே தூக்கியதாகப் பொருள். ‘காயம்பட்டவர்’ தம் காலிலேயே மெல்ல நடந்து வருவார். பார்க்கச் சற்றுச் சிரிப்பாக இருக்கும்.

அலறல் உண்மையானால்?

இனித்தான் சிக்கல். ஆயிரம் பேர் “ஐயோ, செத்தேன், காப்பாற்று” என்று அலறும் இடத்தில் ஒருவருக்கு உண்மையாகவே கணுக்கால் பிசகிவிட்டது. அவரும் அதையேதான் அலறுகிறார். சுற்றி நிற்பவர்கள் “அருமையான நடிப்பு” என்று நினைத்துத் தாண்டிப் போய்விடலாம். சட்டையெல்லாம் சர்க்கரைப்பாகு இரத்தம் இருந்தால் உண்மை இரத்தம் கண்ணுக்கே தெரியாது.

ராணுவப் பயிற்சிகளிலும் இதே தொல்லை உண்டு. பிரிட்டிஷ், கனடியப் படைகளில் வானொலிச் செய்திக்கு முன் ‘நோ டஃப்’ என்று சேர்த்தால், இது பயிற்சிக்கான பொய்க் காயம் அல்ல, உண்மை என்று பொருள். லார்ப்களும் அதே வழியில் சில சொற்களைப் பூட்டி வைத்திருக்கின்றன. பிரிட்டனில் நெடுங்காலமாக ‘மேன் டவுன்’ என்ற கூப்பாடு உண்மைக் காயத்துக்கு மட்டுமே. அமெரிக்காவில் ‘ஹோல்ட்’ என்று ஒருவர் கத்தினால் கேட்ட அனைவரும் அதையே திருப்பிக் கத்தி, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நார்டிக் நாடுகளில் இரண்டு சொற்கள்: ‘கட்’ என்றால் ஆட்டம் உடனே நிற்கும், ‘பிரேக்’ என்றால் ஆட்டம் தொடரலாம், ஆனால் தீவிரத்தைக் குறைக்க வேண்டும்.

ஜெர்மானியர்களின் ஏற்பாடு எனக்கு ஆகப் பிடித்தது. ‘சானிடேட்டர்’, அதாவது மருத்துவ உதவியாளர், என்ற சொல்லைக் கதைக்குள் யாரும் சொல்லக் கூடாது. பொய்க் காயம்பட்டவர் ‘ஹைலர்’ என்றோ, ‘ஃபெல்ட்ஷெர்’ என்ற பழங்காலப் போர்க்கள வைத்தியரின் பெயரைச் சொல்லியோதான் கூப்பிட வேண்டும். ‘சானிடேட்டர்’ என்று குரல் கேட்டால் ஆட்டம் அங்கேயே நின்று, உண்மையான முதலுதவியாளர் ஓடி வருவார். ஒரே பொருளுள்ள இரு சொற்களில் பழையது கதைக்கு, புதியது உயிருக்கு.

உண்மை அடிகளைத் தடுக்கவும் விதிகள் உள்ளன. தலையையும் கழுத்தையும் குறிவைக்கக் கூடாது. தண்டுள்ள வாளால் குத்தக் கூடாது. அம்பின் நுரைமுனை கண்குழிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். பிரிட்டிஷ் ஆட்டங்களில் வில்லின் இழுவிசை பொதுவாக 30 பவுண்டைத் தாண்டக் கூடாது. ஆட்டத்துக்கு முன் ஒவ்வோர் ஆயுதத்தையும் வளைத்துப் பார்த்துச் சோதிப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் வாளல்ல. முயல் வளையில் இறங்கிய கால், கூடாரக் கயிறு, குடிக்க மறந்த தண்ணீர்.

இங்கே செய்து பார்க்க நினைப்போர்

ராணுவப் பாணியில் பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கிகளோடு ஆடும் ‘ஏர்சாஃப்ட்’ ஆட்டங்களிலும் வைத்தியர்கள் உண்டு. அடிபட்டவர் உட்கார்ந்து காத்திருப்பார். வைத்தியர் வந்து கையில் துணிக்கட்டு கட்டினால் எழலாம். ஆனால் சிங்கப்பூரில் உரிமமின்றி அத்தகைய துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்பதால் அதை மறந்துவிடலாம். நுரை வாளும் நல்ல கதையும் போதும்.

ஐரோப்பிய விதிகளை அப்படியே எடுத்தால் நம் வெயில் ஏமாற்றிவிடும். கம்பளி அங்கியும் தோல் கவசமும் அங்கே குளிருக்குத் துணை. இங்கே அவை வெப்பத் தாக்குதலுக்கு அழைப்பு. முகமூடி அணிந்தவரின் முகம் வெளிறுவது யாருக்கும் தெரியாது. தள்ளாடுவது, உளறுவது இரண்டையும் ‘நஞ்சேறிய நடிப்பு’ என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. சந்தேகம் வந்தால் கதையை விட்டு வெளியே வந்து, பாத்திரப் பெயரைச் சொல்லாமல் அவரது சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பதில் தெளிவாக இல்லை என்றால் நிழலுக்குக் கொண்டுபோய், கவசத்தைக் கழற்றி, தண்ணீரால் உடலைக் குளிர்வித்து, 995ஐ அழைக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவரின் மூச்சிழுப்பான் உடையோடு உள்ள பையில் இருக்க வேண்டும், கூடாரத்தில் அல்ல. முதலுதவியாளராக இருப்பவர் அன்று வேறு பாத்திரம் ஏற்கக் கூடாது.

பிறகு அந்தப் பூட்டிய சொல். நான்கு மொழிகள் புழங்கும் நம் ஊரில் எந்தச் சொல்லாக இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே நொடியில் புரிய வேண்டும்; எந்தப் பாத்திரமும் தற்செயலாகச் சொல்லிவிடாததாகவும் இருக்க வேண்டும். தமிழர்கள் அதிகம் உள்ள குழு என்றால் ‘ஐயோ அம்மா’ மட்டும் வேண்டாம். அதை எல்லாப் பாத்திரங்களும் சொல்லும்.